கோவிந்தராசுவின் இடது முழங்கால்

முழங்கால் ஜவ்வு கிழிந்து வருகிறவருக்கு இளம் மருத்துவர்களான நீங்கள் இன்று இரண்டு சிறு துளை போட்டு, திரையைப் பார்த்தபடியே கிழிந்த ஓரத்தை மட்டும் சீர்செய்கிறீர்கள். தைக்க முடிந்தால் தைக்கிறீர்கள். நாங்கள் மூட்டைத் திறந்து முழுவதையும் எடுத்துவிடுவோம். எடுத்ததைப் பாட்டிலில் போட்டு நோயாளிக்குக் காட்டி, இதுதான் தொந்தரவு என்போம். அது இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருந்த மெத்தை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த மெத்தை இல்லாமல் அந்த மனிதர் எத்தனை வருஷம் நடப்பார் என்பது தெரியாது. தெரியாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகவே அறுவை சிகிச்சையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் கற்ற முறையை இன்று செய்தால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சான்றிதழ் எழுதுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லலாம். அதில் நான் செய்த தவறு இன்னும் பழசாகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கீழத்தஞ்சையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்திருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். புதிய ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதியப் போனவர்களில் சிலர் திரும்புகிற வழியில் எங்களிடம் வந்தார்கள், உடைந்த கையோடும் பிளந்த மண்டையோடும். மிராசுதார் வீட்டு ஆட்களும் அதே நிலையில் வந்தார்கள். இரண்டு தரப்பையும் தனித்தனி வார்டில் போட வசதியில்லை. ஆண்கள் வார்டின் நடுவே ஒரு ஸ்கிரீனை நிறுத்தினோம். அது போதுமானதாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எட்டாவது படிக்கும்போதே தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பக்கத்தில் முடிவதை மூன்று பக்கம் எழுதுவேன். மனு கனமாக இருந்தால் தாசில்தார் பயப்படுவார் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. எந்தத் தாசில்தாரும் பயந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் நிறைய எழுதினால் நல்லது நடக்கும் என்பது என் கையில் ஊறிப்போயிருந்தது. டாக்டரான பிறகும் போகவில்லை.

கோவிந்தராசு அறுவடைச் சமயத்தில் வந்தார். முப்பது வயது இருக்கும். தலையில் கதிர்க்கட்டோடு வரப்பில் வந்தவர் கால் வழுக்கி வயலில் இறங்கியிருக்கிறார். இடது கால் கெண்டைச்சதை வரை சேற்றில் புதைந்துகொண்டது. கட்டைக் கீழே விடாமல் உடம்பைத் திருப்பியிருக்கிறார். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது.

வந்தது மிராசுதாரின் காரில். கூடவே பண்ணையின் காரியக்காரர், நெற்றியில் விபூதியும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக.

"ஐயா அனுப்பிச்சாங்க சார். நம்ம ஆளு. நல்லாப் பாத்துக்குங்க."

நான் நெகிழ்ந்து போனேன். என் அப்பா பண்ணையில் வேலை செய்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது எந்த ஐயாவும் மாட்டு வண்டி கூட அனுப்பியதில்லை. இப்படியும் மிராசுதார்கள் இருக்கிறார்கள் என்று விடுதி நண்பனுக்குக் கடிதம் எழுதினேன். அதுவும் நீளமான கடிதம்தான்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. பாட்டிலைக் காட்டினேன். கோவிந்தராசு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா டாக்டரய்யா? இதுக்கா இந்தப் பாடு?"

குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துக் காரியக்காரர் அவரை மறுபடி அழைத்து வந்தார். கோவிந்தராசு கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் கம்பில்லாமல் நடந்தார்.

"ஒரு சர்டிபிகேட்டு வேணும் சார்," என்றார் காரியக்காரர். "இனிமே இவன சேத்துல எறக்கறதில்லன்னு ஐயா முடிவு பண்ணிட்டாங்க. களத்துல நெழலா ஒரு எடத்துல ஒக்கார வச்சிடலாம்னு. நீங்க கொஞ்சம் பலமா எழுதிக் குடுத்தீங்கன்னா மத்த ஆளுங்க பொறாமப்பட மாட்டாங்க."

நான் கோவிந்தராசுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பலமாக எழுதச் சொன்னால் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். குந்த முடியாது, சேற்றில் நிற்க முடியாது, பாரம் தூக்க முடியாது, மூட்டு விரைவில் தேயும், வயல் வேலைக்கு நிரந்தரமாக லாயக்கற்றவர். கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு தடவை குத்தினேன். காரியக்காரர் அதை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். நோயாளியின் சான்றிதழ் யாருடைய பைக்குள் போகிறது என்பதைப் பாருங்கள். நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு திங்கட்கிழமை, வெளிநோயாளிகள் வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முறை வந்ததும் எதிரே வந்து நின்றாள்.

"என்ன தொந்தரவு?"

"நீங்கதான் ஐயா."

கோவிந்தராசுவின் மனைவி அஞ்சம்மாள். அவர்கள் ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, அந்த மிராசுதாரிடம் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தவர்கள். பெயரைப் பதியச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார்கள். சட்டப்படி, தானோ தன் குடும்பத்தாரோ உடலால் உழைத்துப் பயிர் செய்கிறவர்தான் குத்தகைதாரர். இவன் உழைக்க முடியாதவன், கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிறான், எனவே குத்தகைதாரரே இல்லை, நிலத்தை விடவேண்டும் என்று மிராசுதார் தரப்பில் பதில் மனு. ஆதாரமாக இணைக்கப்பட்டிருந்தது என் ஒன்றரைப் பக்கம்.

"அவருதான் முடியாம இருந்தாரு. நீங்க வேலை செஞ்சீங்க இல்ல?" என்றேன்.

"நான் நடவு நட்டேன், களையெடுத்தேன், கட்டுச் சொமந்தேன். அது ஊருக்கே தெரியும். ஆனா அவ அடுத்தவங்க வயலுக்கும் கூலிக்குப் போறா, அவ வேலைக்குக் கணக்கில்லைங்கிறாங்க. என் பேரு எந்தக் காயிதத்துல இருக்கு?" குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "காலச் சரி பண்ணீங்க. கும்புடறேன். நெலத்த ஏன் ஐயா எடுத்தீங்க?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் பெரிய டாக்டரிடம் போனேன். வேறு சான்றிதழ் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"ஒரு முட்டிக்கு ரெண்டு சர்டிபிகேட்டா? எது பொய்யின்னு வக்கீல் கேப்பான். என்ன சொல்லுவே?"

"நீங்க பத்துப் பன்னெண்டு வருஷமா இந்த ஜவ்வ எடுத்துக்கிட்டிருக்கீங்க. அவங்கள்லாம் இப்ப எப்படி சார் இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"எப்படி சார் தெரியும்?"

"ஒருத்தனும் திரும்பி வரலியே."

சொல்லிவிட்டு எழுந்தார். பிறகு பீரோவிலிருந்து பழைய ஆபரேஷன் ரிஜிஸ்தரை எடுத்து மேஜையில் வைத்தார். "சைக்கிள் வச்சிருக்கியா?"

விசாரணைக்கு ஆறு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு. ஜவ்வு எடுக்கப்பட்டவர்களைத் தேடி, சைக்கிளைப் பஸ்ஸின் மேலே போட்டுக்கொண்டு போவேன். ரிஜிஸ்தரில் இருந்த முகவரிகள், 'குத்தாலம் பக்கம், புளியமரத்துக்குக் கிழக்கே' என்கிற ரகம். தேடியவர்களில் ஏழு பேர் அகப்பட்டார்கள்.

முதல் ஆள் தென்னை மரத்தில் இருந்தார்.

"எறங்கி வாங்க. ஆஸ்பத்திரிலேந்து வர்றேன். முட்டியப் பாக்கணும்."

"எந்த முட்டி?"

"ஆபரேஷன் பண்ணுன முட்டி."

"அதாலதான் மரத்தப் புடிச்சிக்கிட்டு இருக்கேன். இன்னும் நாலு மரம் இருக்கு. இருந்து பாக்கறதுன்னா இருங்க."

இருந்து பார்த்தேன். இறங்கி வந்து காலை நீட்டியபோது முழங்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. சாயங்காலமானால் வீங்கும், காலையில் வடிந்துவிடும், அதன் வேலையை அது பார்க்கிறது என்றார்.

சீர்காழியில் ஒருவர் பழைய சடுகுடு ஆட்டக்காரர். காய்கறிக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றபோது ஒரு கால் வில்லாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது. ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"வந்தேனே! புதுசா பழசான்னு கேட்டாங்க. பழசுன்னேன். பழைய சீட்டு எங்கன்னாங்க. வெள்ளத்துல போயிட்டுன்னேன். அப்ப புதுசுன்னு நில்லுன்னாங்க. புது வரிசையில நின்னா, ஒனக்குத்தான் ஏற்கனவே ஆபரேஷன் ஆயிருக்கே, பழைய வரிசைக்குப் போன்னாங்க. கால் வலிச்சிது. வந்துட்டேன்."

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு பெண், நடவு வரிசையில் நின்றிருந்தாள். வரப்பிலிருந்து கேட்டேன், வலி இருக்கிறதா என்று.

"இருக்கு."

"அப்பறம் எப்படி சேத்துல நிக்கிறீங்க?"

"சேத்துல நின்னா வலி தெரியல தம்பி. கரையேறுனாத்தான் வலிக்கிது. அதான் ஏற மாட்டேங்கிறேன்." வரிசை முழுக்கச் சிரித்தது. இன்னொருத்தி குனிந்தபடியே, "டாக்டரு, எங்களுக்கு ஆபரேஷன் பண்ணாமயே வலிக்கிது, அத எப்ப வந்து பாப்பீங்க?" என்றாள். அதற்கும் சிரிப்பு.

திரும்பி வராதவர் குணமானவர் என்று நினைக்காதீர்கள். சிலர் குணமாகி வராமல் இருக்கிறார்கள், சிலர் வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள், பலர் வலியோடு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நமக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும், காலி நாற்காலியாக.

விசாரணை நாள். வருவாய் நீதிமன்றம் என்று பெயர், பழைய நெல் கிடங்கு ஒன்றில் நடந்தது. டெபுடி கலெக்டர் மேடையில். மிராசுதார் வரவில்லை, காரியக்காரர் முன் பெஞ்சில் விபூதியோடு. கோவிந்தராசுவும் அஞ்சம்மாளும் பின்னால் நின்றார்கள். விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் அவர்கள் பக்கம் பேச வந்திருந்தார். வாசலில் இரண்டு நிறத்துக் கொடிகளோடு ஆட்களும், நடுவில் போலீஸ்காரர் ஒருவரும். எங்கள் ஸ்கிரீன் செய்த வேலையை அங்கே அவர் செய்துகொண்டிருந்தார்.

மிராசுதாரின் வக்கீல் என் சான்றிதழை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"வயல் வேலைக்கு நிரந்தரமா லாயக்கில்லாதவர்னு எழுதியிருக்கீங்க. இது உங்க கருத்துத்தானே?"

"எழுதும்போது கருத்து. இப்ப இல்ல. அன்னைக்கி எனக்குத் தெரியாததையும் சேத்து எழுதிட்டேன்."

"தெரியாமலே சர்டிபிகேட் குடுப்பீங்களா?"

"குடுத்தேன்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். டெபுடி கலெக்டர் நிமிர்ந்து, "இப்ப என்ன தெரியும்?" என்று கேட்டார்.

ஏழு பேரைப் பற்றியும் சொன்னேன். தென்னை மரம், காய்கறிக் கடை, நடவு வரிசை, எல்லாவற்றையும். ஏழில் ஐந்து பேர் வயல் வேலையோ மரமேறும் வேலையோ செய்கிறார்கள். ஏழு பேருக்குமே மூட்டு ஏதோ ஓர் அளவில் தேய்கிறது. இரண்டையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போது சங்கத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தேயுதுன்னு டாக்டரே சொல்றார்!"

"எத்தன வருஷத்துல?" என்றார் டெபுடி கலெக்டர்.

"சொல்ல முடியாது சார். பத்தாகலாம், இருவதாகலாம்."

"இருவது வருஷத்துக்கப்பறம் வரப்போற வலிக்கு இப்பவே நெலத்தப் புடுங்க முடியுமா வக்கீல் சார்?"

வக்கீல் சளைக்கவில்லை. "அப்ப இன்னைய நெலமையவே பாத்துடுவோம். நடவோ களையெடுப்போ, குனியாம குந்தாம வயல் வேலை இல்ல. அந்த ஆள இங்கயே குத்துக்கால் போட்டு ஒக்காரச் சொல்லுங்க. ஒக்காந்து எழுந்திரிச்சா நான் பேசல."

கோவிந்தராசு முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். உட்காரவில்லை. என்னைப் பார்த்தார். உட்காரக் கூடாது என்று சொன்னவன் நான்தான். அஞ்சம்மாளும் என்னைப் பார்த்தாள். டெபுடி கலெக்டரும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

உங்களுக்கு இப்படி ஒரு நொடி வரும். கையில் புத்தகம் இருக்காது. நான் யோசித்தது இவ்வளவுதான்: குந்தக் கூடாது என்று எழுதிய புத்தகம் நாற்காலி உள்ள நாட்டில் எழுதப்பட்டது. நான் கூடாது என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து இந்த மனிதர் தினமும் விடியலில் வாய்க்கால் கரையில் எப்படி உட்கார்ந்திருப்பார்? குந்தாமல் ஒரு நாளைக் கழிக்க இந்தப் பக்கத்தில் வழியே கிடையாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அந்தக் கரையில் வளர்ந்தவன்தான். படித்ததில் மறந்துபோயிருந்தது.

"உக்காருங்க," என்றேன். "வலது காலுல பாரத்தப் போட்டு, மெதுவா."

உட்கார்ந்தார். பாதி வழியில் இடது முழங்காலில் டப்பென்று ஒரு சத்தம். கிடங்கு முழுக்கக் கேட்டது. காரியக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். கோவிந்தராசு அப்படியே குந்தியிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு தரையில் ஒரு கையை ஊன்றி எழுந்து நின்று, வேட்டியை இறக்கி விட்டார்.

"ஊனாம எழுந்திரிக்கணும்," என்றார் வக்கீல்.

"நானே ஊனித்தான் எழுந்திரிப்பேன்," என்று சொல்லிவிட்டு டெபுடி கலெக்டர் எழுதத் தொடங்கினார். பெயர் பதியப்பட்டது.

பிறகு நான் பல ஊர்கள் மாறினேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அதே ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தேன். ஸ்கிரீன் இருந்தது, துணி மட்டும் வேறு. ஒரு நாள் காலையில் குத்தாலத்தில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், தன் அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பெயர் மல்லிகா. அன்று அஞ்சம்மாளின் இடுப்பில் இருந்தவள். அப்பாவின் இடது கால் வில்லாக வளைந்திருந்தது.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தேன். எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்பு நான் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியது ஏறக்குறைய அப்படியே படத்தில் இருந்தது.

"அன்னைக்கி ஒக்காந்தப்ப டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுதே, ஞாபகம் இருக்கா டாக்டரய்யா?" என்றார் கோவிந்தராசு. "போச்சுடான்னு நெனச்சேன்."

"முழங்காலா?"

"நெலம்."

மூட்டு மாற்றும் சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"மாத்துனா சேத்துல எறங்கலாமா?"

"கூடாது."

"அப்ப எதுக்கு?"

மல்லிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதான் சார், இதான். நாங்க சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாரு. அம்மாவும் சொல்லிப் பாத்துட்டாங்க. வயலுக்குப் போகக் கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. டாக்டர் எழுதியிருக்காருன்னு காட்டினாக் கேப்பாரு."

பேனாவை எடுத்தேன். கோவிந்தராசு எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி.

"வாயால சொல்லுங்க டாக்டரய்யா. எவ்வளவு வேணாலும் சொல்லுங்க. எழுத வேணாம்."

"அப்பா, அந்தக் காலம்லாம் போயிட்டு. யாரு கேக்கப் போறாங்க?"

"நெலம் இன்னும் குத்தகைதான் தாயி. மிராசுதாரு பேரனுங்க வெளிநாட்டுல இருக்கானுங்க. பிளேன்ல வர எத்தன நேரம் ஆவுது?"

பிடியை விடவில்லை. கண்ணால் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட மேலே இருக்காது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை எடுத்தார். தமிழிலேயே இரண்டு வரி எழுதி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மகளைப் படிக்கச் சொன்னார்.

"இடது முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. தினமும் வயலுக்குப் போகிறார்." படித்துவிட்டு மல்லிகா என்னைப் பார்த்தாள். "என்ன சார், நீங்களும்!"

"இன்னொருக்கா படி," என்றார் கோவிந்தராசு. படித்தாள். "ரெண்டும் நெசந்தான?"

"ரெண்டும் நெசந்தான்," என்றேன்.

"அப்ப ரெண்டாவத மொதல்ல எழுதுங்க."

சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.